3600 யூனிட் கோட்டின் இரு பக்கமும்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாய், 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இந்தப் பணத்தால் குடும்பத்தில் என்ன மாறியது என்று அறிய, வாங்கியவரையும் வாங்காதவரையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். வாங்காதவர்களில் வசதியானவர்கள் அதிகம். தகுதிக் கோட்டுக்குச் சற்றுக் கீழும் மேலும் உள்ள, ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் குடும்பங்களையே ஒப்பிட வேண்டும். 2.5 லட்ச வருமான வரம்பு இதற்கு உதவாது, அது வாய்ச்சொல். ஆண்டுக்கு 3600 யூனிட் மின்சார வரம்பு மீட்டரில் பதிவாவது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

சென்னையில் இங்கேதான் சிக்கல். வியாசர்பாடி போன்ற இடங்களில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும், இணைப்பு வீட்டுக்காரர் பேரில். எனவே வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது முதல் கேள்வியே, "உங்க வீட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டராம்மா?" பிறகு விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டின் ஆறு பில்லையும் பார்த்துக் கூட்டுங்கள், கோடை பில் ஒன்றை வைத்து ஆறால் பெருக்கினால் ஏசி உள்ள வீடு பொய்யாகக் கோட்டைத் தாண்டிவிடும். 3600-க்குச் சற்றுக் கீழே மட்டும் குடும்பங்கள் குவிந்திருந்தால், தகுதி பெறவே அளவைக் குறைத்திருக்கலாம், ஒப்பீட்டை நிறுத்திக் காரணம் தேடுங்கள்.