சத்தமில்லாத உகரம்

2013இலிருந்து ஐந்து வருஷம் டுபாயில் லொறியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். லொறி ஓட்டியவர் ஜலந்தர் பக்கத்துச் சீக்கியர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் பாஜி, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். விடியற்காலை கேம்ப்பிலிருந்து வண்டி புறப்பட்டதும் வாய்க்குள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். அது பாட்டுமில்லை, பேச்சுமில்லை. ஆற்றுத் தண்ணீர் கல்லில் பட்டு ஓடுகிற மாதிரி ஒரே ஓட்டம். இருபது, இருபத்தைந்து நிமிஷம் அவரோடு பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். அது ஜப்ஜி சாஹிப் என்பதும், குரு நானக் அருளியது என்பதும், 38 பவுடிகளும் (செய்யுள் பத்திகளும்) முன்னும் பின்னும் ஒவ்வொரு சலோக்கும் (சிறு செய்யுளும்) கொண்டது என்பதும் அப்போது தெரியாது. இரண்டு வருஷம் பொருள் தெரியாமலே கேட்டேன். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், வேறு ஓட்டுநர் வந்தார், லொறியில் அந்தச் சத்தம் இல்லை. அன்றைக்குக் காலையெல்லாம் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபல் அலியில் இருக்கிற குருத்வாராவுக்கு, சீக்கியர் கோயிலுக்கு, கூட்டிப் போவார். 2012இல் திறந்த பெரிய கட்டடம் அது. செருப்பைக் கழற்றி, தலையில் துணி கட்டி, தரையில் வரிசையாக உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். பந்தியில் இடம் பார்த்து உட்கார வைக்கிற பழக்கத்தைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். சாப்பாடு வயிற்றுக்குப் போயிற்று. உள்ளே பாடிக்கொண்டிருந்ததில் ஒரு சொல்லும் எனக்குள் போகவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அடுத்த நாளே பாஜியிடம் சொன்னேன், எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று.

டிலிவரி நோட்டின் பின்பக்கத்தில் பால் பொயின்ட் பேனாவால் முப்பத்தைந்து எழுத்தையும் எழுதிக்கொடுத்தார். அதற்கு பைந்தீ என்று பேர், முப்பத்தைந்து என்றே பொருள். சீக்கியரின் இரண்டாம் குருவான குரு அங்கத் ஒழுங்குபடுத்திய குர்முகி எழுத்து. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு அங்கேயே முதல் முட்டுக்கட்டை. நமக்கு ஒரு ககரம், அவர்களுக்கு நாலு. ஆனால் மலையகத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தபோது அல்பப்பிராணம் (மூச்சு குறைந்த எழுத்து), மகாப்பிராணம் (மூச்சு கூடிய எழுத்து) என்று எழுதி எழுதிப் பழகியிருந்தேன். அந்தச் சட்டத்தில் குர்முகியைப் பொருத்திக்கொண்டேன். பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ககரம், தகரம் போன்ற ஒவ்வொரு வர்க்கத்தின் (எழுத்து வரிசையின்) நாலாவது எழுத்து சொல்லின் முதலில் வந்தால் பஞ்சாபிக்காரர் அதை மூச்சு விட்டுச் சொல்வதில்லை, குரலைக் கீழே இறக்கிச் சொல்கிறார்கள். ‘தரத்தி’, அதாவது பூமி, என்ற சொல்லைப் பாஜி சொல்லும்போது முதல் எழுத்தில் ஒரு படி இறங்கி ஏறுவார். அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஜப்ஜிக்கு முன்னால் வருகிற மூல மந்திரத்தில் ஆரம்பித்தோம். முதல் எழுத்தே எழுத்தில்லை, இலக்கம். ‘ஒன்று’ என்று சொல்லாக எழுதாமல் 1 என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் ஓங்காரத்தை எழுதி, அதன் தலையிலிருந்து ஒரு கோட்டை நீட்டியிருக்கிறார்கள். இக் ஓங்கார். எண்ணை வேறு எந்த மாதிரியும் வாசிக்க முடியாது. இரண்டாகப் பிரிக்க இடமில்லை. லொறிக்குள் உட்கார்ந்து அதை மட்டும் ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். பொருள் மட்டும் வரவில்லை. இதைக் கற்க நினைக்கிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். சீக்கியரின் வேதமான குரு கிரந்த சாஹிப் 1430 பக்கம், பக்கத்தை அங்கம் என்று சொல்வார்கள். அதில் குருமார்களின் வாக்கு மட்டுமில்லை. நெசவாளி கபீர், மராத்தி பேசிய நாம்தேவ், பாகிஸ்தான் பக்கத்து ஷேக் ஃபரீத், தோல் வேலை செய்த ரவிதாஸ் எல்லாரும் இருக்கிறார்கள். பஞ்சாபி, பழைய இந்தி, பாரசீகச் சொல், சமஸ்கிருதச் சொல் எல்லாம் கலந்து வரும். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கிடைக்கும். வரி ஒன்று சேராது. பழைய சுவடிகளில் சொற்களை இடைவெளி விடாமல் சேர்த்தே எழுதியிருந்தார்கள், நம் ஓலைச்சுவடி மாதிரி. இன்றைக்குப் பிரித்து அச்சடித்திருந்தாலும், எந்தச் சொல் எதோடு சேரும் என்று கண்டுபிடிக்கிற வேலை நம்முடையதுதான்.

சாவி சொல்லின் கடைசியில் இருந்தது. நிறையச் சொற்களின் முடிவில் ஒரு சின்ன உகரக் குறியோ இகரக் குறியோ நிற்கும். ஓதும்போது பெரும்பாலும் அதை உச்சரிப்பதில்லை. உச்சரிக்காததை எதற்கு எழுதி வைத்தார்கள் என்று பாஜியைக் கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் ஓதுறோம் சோட்டே, காரணம் எனக்கும் சரியாத் தெரியாது” என்றார். சோட்டே என்றால் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை குருத்வாராவில் ஒரு முதியவரிடம் கூட்டிப் போனார். அவர் சொன்னார், அது இலக்கணம் என்று. பேராசிரியர் சாஹிப் சிங் கிரந்தம் முழுவதும் அந்தக் குறிகளைத் தொடர்ந்து போய், அவற்றுக்கு ஒழுங்கு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்.

மூல மந்திரத்தின் கடைசியையே பாருங்கள். ‘குர் ப்ரஸாதி.’ குர் என்பதில் குறி ஒன்றுமில்லை: குருவின். ப்ரஸாதி என்பதில் இகரம்: அருளால். குருவின் அருளால். அந்த ‘ஆல்’ எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அது கண் முன்னாலேயே அந்தச் சின்ன வளைவாக நின்றிருக்கிறது. நம் மூன்றாம் வேற்றுமை! நாலாம் வகுப்பில் தமிழ் டீச்சர் ஐ, ஆல், கு என்று பாடமாக்கியது டுபாயில் லொறிக்குள் உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள். (எல்லா இகரமும் வேற்றுமை உருபு இல்லை. ‘ஸதி’, ‘மூரதி’ என்பவற்றில் அது சொல்லோடு பிறந்தது. பழகப் பழகத்தான் பிரித்தறிய வரும்.)

ஜப்ஜியில் முதல் பவுடியின் கடைசி வரியையும் இரண்டாம் பவுடியையும் சேர்த்து வாசித்தால் ஹுகம் (ஆணை) என்ற ஒரே சொல் ஐந்து உருவில் வரும். ‘ஹுகமி ரஜாஈ சலணா’: ஹுகமில் நட. ‘ஹுகமீ ஹோவனி ஆகார்’: ஹுகமால் உருவங்கள் உண்டாகின்றன. ‘ஹுகமு ந கஹிஆ ஜாஈ’: ஹுகமு, எழுவாய், சொல்லி முடியாதது. ‘ஹுகமை அந்தரி ஸபு கோ’: எல்லாரும் ஹுகமுக்கு உள்ளே. ‘பாஹரி ஹுகம் ந கோஇ’: ஹுகமுக்கு வெளியே யாருமில்லை. ஓதும்போது இவற்றில் மூன்று ஏறக்குறைய ஒரே சத்தம், எழுத்தில் ஐந்தும் வேறு. இதைக் கொப்பியில் ஐந்து வரியாக எழுதிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹுகம் என்றால் ஆணை, உத்தரவு. அந்தச் சொல் ஆரம்பத்தில் எனக்கு உறுத்தியது, மறைக்கவில்லை. உத்தரவு என்றால் தோட்டத்தில் தொரையின் உத்தரவு. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ என்று சொல்வார்கள். சொன்னபடி நடக்க வேண்டும். அதே மாதிரி ஒன்றுக்குத் தலை குனியச் சொல்கிறதா இந்த வேதமும்? பாஜியிடம் கேட்டேன். லொறியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார். “தொரையின் ஹுகமுக்கு வெளியே தொரை இருக்கிறான். இந்த ஹுகமுக்கு வெளியே யாருமே இல்லைன்னு வரி சொல்லுது. அடுத்த வரியைப் படி.” அடுத்த வரி: ஹுகமைப் புரிந்துகொண்டவன் நான், எனது என்று பேசமாட்டான். தொரை முதலில் பேசுவதே அந்த ‘நான்’ தானே. அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னை உறுத்தவில்லை.

2018இல் ஊருக்கு வந்தேன். பாஜி ஒரு சின்ன குட்கா தந்துவிட்டார், அன்றாட ஓதுதல்கள் உள்ள கையடக்கப் புத்தகம். அம்மா அதைச் சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூ வைத்தார். சீக்கியத்தில் உருவ வழிபாடு இல்லை, புத்தகத்துக்குத் தனி இடம் வேண்டும் என்று சொல்லி வேறு தட்டில் துணி சுற்றி வைத்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். நான் சீக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தேர் இழுக்கிறேன், மார்கழியில் பஜனைக்கும் போகிறேன். இந்த வாக்கும் எனக்கு வேண்டும்.

ஜப்ஜியின் நாலாம் பவுடி அம்ரித் வேளையில் மெய்ப்பெயரையும் அதன் பெருமையையும் நினைக்கச் சொல்கிறது. விடியுமுன் இருக்கிற வேளை அது. லயத்தில் அந்த வேளையைத் தேடிப் போக வேண்டியதில்லை. நாலரைக்கெல்லாம் எல்லாக் காம்பராவிலும், லயத்து அறைகளிலும், அடுப்புப் புகையும். அம்மா ரொட்டிக்கு மா பிசைகிற சத்தத்தோடு இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்து ஓதுகிறேன். சாயங்காலம் ரஹ்ராஸ். படுக்குமுன் கீர்த்தன் சோஹிலா. அதற்கு ஐந்தே பாடல்கள், மூன்று நாலு நிமிஷம். புதிதாகத் தொடங்குகிறவர் அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த ஐந்தில் ஒன்று ஆரத்தி. குரு நானக் பூரி ஜகந்நாதர் கோயிலில் பாடியதாகச் சீக்கிய மரபு சொல்லும். வானமே தட்டு, சூரியனும் சந்திரனும் விளக்கு, நட்சத்திரக் கூட்டம் முத்து. அடுத்து வருகிறது: ‘தூப்பு மலஆனலோ, பவணு சவரோ கரே.’ மலஆனலோ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். மலய அநிலம். மலய மலையிலிருந்து சந்தன வாசத்தோடு வருகிற காற்று, அதுதான் சாம்பிராணி. மலயம் என்பது தெற்கே, நம் பொதிகைப் பக்கம். நாம் மலயமாருதம், தென்றல் என்கிறோமே அதே காற்று. மலை என்ற நம்முடைய சொல், நானக்கின் வாயில் ஏறி, பஞ்சாபில் ராத்திரி ராத்திரி ஓதப்பட்டு, டுபாய் லொறியில் என் காதில் விழுந்து, திரும்ப மலைக்கே வந்திருக்கிறது. அம்மாவிடம் பொருள் சொன்னேன். மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டக் காசில்லாத நாட்கள் அவருக்கு உண்டு. “அப்ப நம்ம சும்மா நின்னாலே ஆரத்திதான் நடக்குது” என்றார். மறுநாள் அவரே கேட்டார், “அந்த வானத்துத் தட்டை ஓதிட்டியா தம்பி?”

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அன்றாட ஓதுதலில் இல்லாத ஒன்று. 345ஆம் அங்கத்தில் ரவிதாஸ் பாடிய பேகம்புரா. துயரமில்லாத ஊர் என்று பொருள். அங்கே கவலை இல்லை, கிராஜ் இல்லை, அதாவது வரி இல்லை, அச்சம் இல்லை. ‘தோம் ந ஸேம்’: இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று எவருமில்லை. விருப்பப்படி உலாவுகிறார்கள், மாளிகையிலும் யாரும் தடுப்பதில்லை. ‘எனக்கு நல்லதொரு வதன் கிடைத்துவிட்டது’ என்கிறார். வதன் என்றால் தாயகம்.

எங்கள் தாத்தா தொரை பங்களாவுக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டு போன ஆள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். தாத்தாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியது. தாத்தா இங்கே நின்றார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தக் காலத்துக் கடுதாசிகளை அம்மா இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். பேகம்புராவை முதல் தடவை முழுதாக வாசித்தபோது எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது.

கடைசி வரி: ‘ஜோ ஹம் ஸஹ்ரீ, ஸு மீது ஹமாரா.’ எவன் என் ஊர்க்காரனோ அவன் என் கூட்டாளி. நான் ‘என் ஊர்க்காரர்கள் என் கூட்டாளிகள்’ என்று எழுதிப் பாஜிக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். இப்போது அவர் ஜலந்தரில் இருக்கிறார். அந்த முதியவர் சொல்லிக்கொடுத்ததை அவரும் கற்றுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசிப்பைத் திருத்துவார். பதில் வந்தது. “மீது என்பதில் கடைசி உகரத்தைப் பார் சோட்டே. அது ஒருமை.”

திரும்பிப் பார்த்தேன். த என்ற எழுத்துக்குக் கீழே அந்தச் சின்ன உகரம் நின்றது. கொப்பியில் ‘கூட்டாளிகள்’ என்பதை வெட்டிவிட்டுக் ‘கூட்டாளி’ என்று எழுதினேன்.