ரெண்டு சுத்து போதும்

என் பட்டறையில் 36 கேஜ் காப்பர் கம்பி எப்பவும் இருக்கும். சீலிங் ஃபேன் காயிலுக்கு அதுதான் வேணும். மாசி முடிஞ்சு மதுரையில் வெயில் ஏற ஆரம்பிச்சா வாசல் வரைக்கும் ஃபேன் அடுக்கி வச்சிருப்பாங்க. அந்தக் கம்பி ரீல் தீரும்போது கடைசியில் மிஞ்சுற ஒரு முழம், ரெண்டு முழத்தை நான் பழைய இரும்புக்காரருக்குப் போட மாட்டேன். ஒரு ஊறுகாய் பாட்டிலில் சுருட்டி வைப்பேன். அது பூச்சி கட்டுறதுக்கு.

பூச்சி என்றால் ட்ரவுட் மீனுக்குப் போடுற பூச்சித் தூண்டில். வெள்ளைக்காரர்கள் ஃபிளை என்பார்கள். முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து மீனுக்குக் காட்டுவது. மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அண்ணாச்சி. பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் மலையில்.

2011 கார்த்திகையில் கொழுந்து வாட்டுற ஃபேனோட மோட்டார் ரெண்டு எரிஞ்சுபோச்சு என்று கூப்பிட்டார்கள். தேனி, போடி, போடிமெட்டு வழியாக ஏறினேன். ரெண்டு நாள் உட்கார்ந்து காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிவிட்டேன். அந்தக் குளிரில் வார்னிஷ் காய்கிற மாதிரி தெரியவில்லை. பல்பு போட்டுச் சூடு காட்டிவிட்டு, அடுத்த நாள் மதியம் வரை சும்மா இருக்க வேண்டியதாகிவிட்டது. "வாங்க தம்பி, ஏரிக்குப் போவோம்" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். கையில் ஒரு மூங்கில் ராடு, சட்டைப் பையில் ஒரு தகர டப்பா.

அந்த டப்பாவில் அவர் அப்பா காலத்துப் பூச்சிகள் ஏழெட்டு இருந்தன. அப்பா துரைமார்களோடு மீன் பிடிக்க ராடு தூக்கிக்கொண்டு போனவர். அதில் ரெண்டு பூச்சியில் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு இருந்தது. இறகு நுனியில் மெழுகு சொட்டின மாதிரி மஞ்சள் பொட்டு. ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பூச்சி கட்டுகிறவர்கள் அந்த இறகுக்கு ஆலாய்ப் பறந்தார்கள், அது நம்ம மேற்குமலைக் கோழி. இப்போது அதைத் தொடக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டுக்கோழிக்கு நிம்மதி. அண்ணாச்சி அந்த ரெண்டையும் தண்ணீரில் போடவே மாட்டார். அவர் போட்டது வேறு ஒரு பூச்சி. மயிலிறகு உடம்பு, பெட்டைக்கோழி இறகு, காப்பர் கம்பி. பார்த்தவுடன் கம்பியைத்தான் நான் முதலில் அடையாளம் கண்டேன். எங்கே வாங்கினீங்க என்றேன். "நீங்க போன தடவை வந்தப்ப கீழ போட்டுட்டுப் போனதுதான்" என்றார்.

ட்ரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. வானவில் ட்ரவுட்டுக்குச் சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகள். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. 1863-ல் ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் ட்ரவுட் இனத்தை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். பின்னால் வந்தவர்கள் விடாமல் முயன்று, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து நிலைநிறுத்தினார்கள். மூணாறு மலைகளிலும் தோட்டக்காரர்கள் விட்டு வளர்த்தார்கள். இரவிகுளம், முக்கூர்த்தி மாதிரி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலே கூடாது. நாங்கள் போனது எஸ்டேட்டுக்குள் இருக்கிற ஏரி, அனுமதி வாங்கித்தான் போனோம்.

இனி கட்டுகிற விஷயம்.

முள் 12-ஆம் நம்பர். அதன் நுனிக்குப் பின்னால் இருக்கிற எதிர்முள்ளை முதலில் பிளையரால் அமுக்கிவிடுவேன், மீனை விடும்போது வாய் கிழியாது. பெஞ்ச் வைஸ் இதற்குப் பெரிசு, அதனால் ஒரு சின்னக் கை வைஸை மேஜையில் இறுக்கி, அதில் முள்ளின் வளைவை மட்டும் பிடிக்க வைப்பேன். நூல் பட்டு. மதுரையில் பட்டு நூலுக்குப் பஞ்சமா? தறிக்காரர் ஒருவர் மிச்ச நூல் தருவார், நான் அவர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வேன். நூலில் நாட்டு மருந்துக்கடைத் தேன்மெழுகை ஒரு இழுப்பு இழுத்தால் வழுக்காது.

முள் கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் ஆரம்பித்து, வளைவு தொடங்குகிற இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்றிப் போகணும். அங்கே கம்பியைக் கட்டி வாலாக விட்டுவிட வேண்டும். அப்புறம் மயிலிறகில் மூணு இழை. கண் பகுதிக்குச் சற்றுக் கீழே நீளமாக, பச்சையும் செம்பும் கலந்து மின்னுகிற இழைகள்தான் நல்லது. அழகர்கோவில் பக்கம் என் அக்கா தோட்டத்தில் மயில் உதிர்த்துப் போடுகிற இறகைப் பொறுக்கி வைப்பாள். தானாக உதிர்ந்ததைத் தவிர வேறு எதையும் நான் கையால் தொட மாட்டேன்.

மூணு இழையையும் பட்டு நூலோடு சேர்த்துக் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கி, முன்னோக்கிச் சுற்றணும். இது முக்கியம். மயில் இழை தனியாக ரொம்பப் பலவீனம். ட்ரவுட் பல்லில் ஒரு தடவை பட்டாலே அறுந்து பிரிந்துவிடும். நூலோடு முறுக்கினால் தாங்கும். அதற்கு மேலே கம்பியை எதிர்த்திசையில் நாலைந்து சுற்று இடைவெளி விட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் கம்பி இழைகளுக்குள்ளே புதைந்துவிடும், எதிர்த்திசையில் வந்தால்தான் குறுக்கே ஏறி அழுத்திப் பிடிக்கும். காயில் கட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பி எடையும் தரும், மீனுக்கு ஒரு மினுமினுப்பும் காட்டும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் காப்பர் கம்பியையும் ஃபெசன்ட் பறவையின் வால் இழையையும் மட்டும் வைத்து ஒரு பூச்சி கட்டினார் என்று அண்ணாச்சி சொன்னபோது, எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

கடைசியாக இறகு. பெட்டைக்கோழி இறகாக இருக்க வேண்டும். சேவல் இறகு விறைப்பு. தண்ணீர் மேலே மிதக்கிற பூச்சிக்கு அது சரி. நமக்கு வேண்டியது முழுகி அசைகிற இறகு. நாட்டுக்கோழி அடிக்கிற கடையில் பொறிப் பொறியான பழுப்புப் பெட்டை வந்தால் கழுத்து இறகை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, கற்பூரம் போட்டு மூடி வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். இழையின் நீளம் முள் வளைவைக் கொஞ்சம் தாண்டினால் போதும்.

அதை ரெண்டு சுத்து. அவ்வளவுதான்.

இங்கேதான் நான் ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். மதுரைக்கு வந்து நானே கட்டின முதல் இருபது பூச்சியும் தப்பு. என் கைக்குச் சுற்றுக் குறைப்பது தெரியாது. காயிலில் நாலு சுற்றுக் குறைந்தாலும் கரண்ட் அதிகமாக இழுத்து ஃபேன் சூடாகும், வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து நிற்பார். இருபத்தெட்டு வருஷமாக எண்ணி எண்ணி நிறைக்கிற கை. இறகையும் ஆறு, ஏழு சுற்று சுற்றிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு, புஸுபுஸுவென்று. பங்குனியில் மலைக்கு எடுத்துப் போய் விடிந்ததிலிருந்து மதியம் வரை வீசினேன். ட்ரவுட் பக்கத்தில் வரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஃபாக்டரிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தார். என் பூச்சியை நரம்பில் கட்டி உள்ளே விட்டு மெதுவாக ஆட்டினார். ஒரு பிரஷ் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அடுத்து அவருடையதை விட்டார். பத்துப் பன்னிரண்டு இழைதான் இருக்கும். இழுத்தால் இழைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. நிறுத்தினால் விரிந்தன. மறுபடி இழுத்தால் மூடின. இடையிடையே பச்சை உடம்பு தெரிந்து மறைந்தது. அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. "மீனுக்கு இறகு வேண்டாம் தம்பி, அசைவுதான் வேணும்" என்றார். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இப்படிக் குறைந்த இறகோடு கட்டுவதை ஸ்பைடர் என்கிறார்கள், அங்கே அது பழைய வழக்கம்.

தலைப் பக்கம் நூலால் நாலு முடிச்சுப் போட்டு, காற்றில் காய்கிற மோட்டார் வார்னிஷ் ஒரு சொட்டு. அடுப்பில் வைத்துக் காயவைக்கிற வார்னிஷ் உதவாது, இறகு கருகிவிடும்.

இந்தப் பூச்சி ஒன்றை வைத்தே எல்லாத் தண்ணீரிலும் மீன் பிடிக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. வண்டு மாதிரியும் தெரியும், அடியிலிருந்து மேலே ஏறி வருகிற பூச்சிக் கூட்டுப்புழு மாதிரியும் தெரியும். ஓடையில் என்றால் குறுக்கே, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக வீச வேண்டும். இந்தத் தூண்டிலில் ஈயக் குண்டு கிடையாது, தூண்டில் நூலின் எடைதான் பூச்சியைக் கொண்டுபோகும். தண்ணீர் நூலை வில்லாக வளைத்து இழுக்கும், பூச்சி அரைவட்டமாகக் கரைக்கு வரும். வில் பெரிதானால் பூச்சி ஓட ஆரம்பித்துவிடும். அப்போது ராடைத் தூக்கி நூலின் வயிற்றை எதிர்த் தண்ணீர்ப் பக்கம் புரட்டிப் போட வேண்டும். அரைவட்டம் முடிகிற இடத்தில் அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. ஒரு மூச்சு நேரம் தொங்கவிட்டு, மெதுவாக ராடை உயர்த்தினால் பூச்சி மேலே ஏறும். பாதி மீன் அங்கேதான் பிடிக்கும். ஏரியில் வேறு. வீசிவிட்டுப் பத்து வரை எண்ணி முழுகவிட்டு, விரலில் நூலைச் சுருட்டிச் சுருட்டி நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும்.

ரெண்டு சுத்துப் பூச்சியில் எனக்கு முதல் மீன் ஓடையில் ஒரு கசத்தின் வாலில், ஆழம் முடிகிற இடத்தில், பிடித்தது. வெட்டி இழுக்கவில்லை, நூல் கனத்தது, ராடைத் தூக்கினேன், அவ்வளவுதான். முக்கால் முழம் கூட இருக்காது. உடம்பின் பக்கத்தில் ரோஸ் கோடு, அதற்கு மேல் மிளகைத் தூவின மாதிரி கருப்புப் புள்ளி. கையை நனைத்துக்கொண்டுதான் பிடித்தேன், காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்புப் போய்விடும். அந்தக் குளிர் என் உள்ளங்கையில் ரொம்ப நேரம் இருந்தது. வாயோரத்தில் மயில் பச்சை. என் அக்கா தோட்டத்து மயில்.

மதுரையில் ட்ரவுட்டுக்கு வழியில்லை, ஆனால் பூச்சி சும்மா இருக்காது. தென்கரைக் கண்மாயில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் வீசுவேன். ஜிலேபி மீன் நன்றாகவே எடுக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் ரெண்டு பேர் இப்போது கட்டக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு முதலில் டம்ளர்தான் கொடுத்தேன்.

போன ஐப்பசியில் அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை விழுந்து, முள் கண்ணில் நரம்பு கோர்க்க முடியவில்லை, பூச்சியும் கட்ட முடியவில்லை என்று சொன்னார். பன்னிரண்டு கட்டி, ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, மூணாறு போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து போன் வந்தது.

"தம்பி, எல்லாம் கிடைச்சுது. ஒண்ணுல மட்டும் மூணு சுத்து இருக்கு."

பார்த்தீங்களா அண்ணாச்சி என்றேன்.

"எங்க பார்க்க. விரலால தடவினேன்."

அனுப்புங்க, பிரிச்சுக் கட்டித் தர்றேன் என்றேன்.

"இருக்கட்டும். மழை பேஞ்சு ஓடை வேகமா வருது, அதுக்கு அது ஆகும்" என்றார்.