மலேரியாவுக்கு எதிராக வரையப்பட்ட சிப்பாய்

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமானபோது, மலேரியாவுக்கான கொயினா மருந்துக்கு உலகம் முழுவதும் வேண்டிய மரப்பட்டையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தந்துகொண்டிருந்த சின்கோனாத் தோட்டங்களும் அவர்கள் கைக்குப் போயின. அடுத்த மாதம் பிலிப்பைன்ஸின் படான் தீபகற்பத்தில் சரணடைந்த அமெரிக்க, பிலிப்பைன் வீரர்களில் பெரும்பகுதியினர் பசியாலும் மலேரியாவாலும் ஏற்கெனவே நடைப்பிணங்களாகியிருந்தார்கள். நேசநாட்டுப் படைகள் அடுத்துப் போரிட்ட பசிபிக் தீவுகளான குவாடல்கனாலிலும் நியூ கினியாவிலும் அதே காய்ச்சல் காத்திருந்தது. எதிரியை எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பெரும் படைப்பிரிவுக்கும்) இன்னொன்று மருத்துவமனையிலும் மூன்றாவதொன்று உடல்தேறும் ஓய்விலும் இருந்தால் போர் நீண்டுகொண்டேதான் போகும் என்று, 1943இல் மலேரியா நிபுணர் பால் ரஸ்ஸலிடம் தென்மேற்குப் பசிபிக்கின் நேசநாட்டுப் படைத்தலைவர் ஜெனரல் மெக்ஆர்தர் சொன்னார்.

இந்தச் சூழலில்தான் அமெரிக்க ராணுவம் கார்ட்டூன் படங்களைக் கையில் எடுத்தது. ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் பொறுப்பிலிருந்த படப்பிரிவு, பிரைவேட் ஸ்னாஃபு என்றொரு சிப்பாயை உருவாக்கியது. வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் தயாரித்துவந்த லியான் ஷ்லெசிங்கரின் ஸ்டூடியோ, 1943 முதல் 1945 வரை அவனை நாயகனாக்கி வரிசையாகக் குறும்படங்கள் எடுத்தது. சக் ஜோன்ஸ், ஃபிரிஸ் ஃபிரெலெங் போன்றவர்கள் இயக்கினார்கள். மெல் பிளாங்க் குரல் கொடுத்தார். பிற்காலத்தில் டாக்டர் சூஸ் என்ற பெயரில் குழந்தை எழுத்தாளராக உலகம் முழுவதும் அறியப்பட்ட தியோடர் கைசல் எழுத்துப்பணியில் முக்கியப் பங்கு வகித்தார். முகாம்களில் வீரர்களுக்கு மட்டுமே காட்டப்பட்டவை என்பதால் பொதுத் திரையரங்குகளுக்குரிய தணிக்கை விதிகள் இவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே சிப்பாய்களின் பேச்சிலிருந்த கொச்சையும் கிண்டலும் பெரும்பாலும் அப்படியே இவற்றில் இருக்கின்றன.

நோய்த்தடுப்பு பற்றி வெறும் உத்தரவு போட்டால் போதாதா, கார்ட்டூன் எதற்கு என்ற கேள்வி எழலாம். என் பார்வையில் இதற்கான விடை மலேரியாவின் கால அளவில் இருக்கிறது. அனோபிலிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகு. அப்போது வலி என்று சொல்லும்படி ஒன்றும் இருப்பதில்லை. ஒட்டுண்ணி கல்லீரலில் தங்கிப் பெருகி, ரத்தத்தில் இறங்கி, காய்ச்சலாக வெளிப்படப் பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகிவிடுகிறது. சில வகைகளில் மாதக்கணக்கும் ஆகலாம். அதற்குள், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாலை வேளையை எந்தச் சிப்பாய் நினைவில் வைத்திருப்பான்? செய்த பிழைக்கும் அதன் விளைவுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, மனித மனம் இரண்டையும் தானாக முடிச்சுப் போடுவதில்லை. நெருப்பைத் தொட்டால் உடனே சுடும் என்பதால் அதற்குப் பாடம் தேவையில்லை. மலேரியாவுக்குப் பாடம் தேவைப்பட்டது. கார்ட்டூன் அந்த இரண்டு வாரத்தையும் சில நிமிடங்களுக்குள் சுருக்கிக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியின் இடத்தில் முகமும் குரலும் குறும்புப் புத்தியும் கொண்ட ஓர் எதிரியை நிறுத்தியது. படப்பிடிப்புக் கேமராவால் இதை இவ்வளவு எளிதாகச் செய்திருக்க முடியாது.

1944இல் வந்த படமொன்றில் அந்த எதிரியின் பெயர் மலேரியா மைக். அடியாளைப் போன்ற ஓர் ஆண் கொசு. இது பாடத்திலேயே விழுந்த பிழை. ஆண் கொசுக்கள் ரத்தம் குடிப்பதில்லை, முட்டை வைப்பதற்குப் புரதம் தேவைப்படும் பெண் கொசுக்களே கடிக்கின்றன. சிரிப்புக்காக உயிரியலை விட்டுக்கொடுத்தது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆண் கொசு, பெண் கொசு என்று பிரித்துப் பார்த்துச் சிப்பாய் எதையும் செய்யப்போவதில்லை என்பது உண்மைதான்; ஆனால் கற்பிக்க எடுத்த படம் சரியாகக் கற்பிக்க வேண்டும்.

1945இல் சக் ஜோன்ஸ் இயக்கிய மற்றொரு படம் இதைச் சரிசெய்தது. அதன் நாயகி அனோபிலிஸ் ஆனி, காலம் போன ஒரு கிழக் கொசு. சிப்பாய்கள் கொசுவலையைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கிய பழைய பொற்காலத்தை நினைத்து அவள் புலம்புகிறாள். இப்போதோ வலை, மருந்துப் பூச்சு, மாத்திரை என எங்கு போனாலும் தடை. முட்டையிடும் தேக்கநீரையும் ராணுவத்தார் ஒழித்துவிட்டார்கள். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் முழுவதும் கொசுவின் குறைகளாகவே நம் காதில் விழுகிறது; அதிகாரியின் கட்டளையாக ஒரு வரிகூட ஒலிப்பதில்லை. வலையின் பயன் கொசுவின் வயிற்றெரிச்சலிலேயே தெரிந்துவிடுகிறது. சிப்பாயைத் தாழ்த்திப் பேசாமல் சிப்பாய்க்குப் பாடம் சொன்ன இந்த உத்தியை இந்த வரிசையின் மிகச் சிறந்த கற்பனை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆயினும் அதே கற்பனைக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. கைசலும் மன்ரோ லீஃபும் சேர்ந்து 1943இல் வெளியிட்ட ராணுவக் கையேட்டில், கொசு ‘ஆன்’ என்ற பெயருடன் ரத்தம் குடிக்கும் பெண்ணாக அறிமுகமாகிறது. அதே ஆண்டுகளில் பால்வினை நோய் பற்றிய சுவரொட்டிகள் பெண்ணையே நோயாக வரைந்துகொண்டிருந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஆண்களின் நினைவில் எளிதாகப் பதியும் என்பதற்காக ஒரு பாலினத்தையே ஆபத்தின் முகமாக்கியிருக்கிறார்கள் என்பது புலப்படுகிறது. இந்த வரிசையின் பிற படங்களில் ஜப்பானியரை இழிவாக வரைந்த விதமும் இன்று பார்க்கச் சகிக்காது. நல்ல காரியத்துக்காக எடுத்தார்கள் என்பதால் இவற்றைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

படங்களால் தீர்க்க முடியாத சிக்கலும் ஒன்று இருந்தது. கொயினாவுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட அட்டபிரின் மாத்திரை கசந்தது, வயிற்றைப் புரட்டியது, தோலை மஞ்சளாக்கியது. ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் முகாம்களில் பரவியது. மாத்திரையை வாங்கி, விழுங்காமல் எறிந்தவர்கள் பலர். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் ராணுவ மருத்துவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி தன்னார்வ வீரர்களைக் கொண்டு நடத்திய சோதனைகள், நாள்தோறும் 100 மில்லிகிராம் தவறாமல் எடுத்தால் நோய் தலைதூக்காது என்று காட்டின. ஆனால் ‘தவறாமல்’ என்பதற்கு யார் பொறுப்பு? பாப்புவாவில் ஒரு ராணுவ மருத்துவமனையின் வாசலில், இந்த ஆட்கள் தங்கள் அட்டபிரினைச் சாப்பிடவில்லை என்று பலகையில் எழுதி, அதனுடன் மண்டையோடுகளை வைத்திருந்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. கார்ட்டூன் சிரித்துக்கொண்டே சொன்னதை இந்தப் பலகை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறது.

இந்திய வீரர்கள் பெருமளவில் போரிட்ட பர்மா முனையில், 1943இல் காயத்தால் வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டதாக அங்கே படை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம் பதிவுசெய்திருக்கிறார். அவர் பொறுப்பை அதிகாரிகளின் தலையில் வைத்தார். திடீர்ச் சோதனையாக ஒரு படையணி முழுவதையும் பரிசோதித்து, மாத்திரை எடுத்தவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மூவரை நீக்கியபின் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஸ்னாஃபுவைப் பார்த்துச் சிரித்த சிப்பாய்க்குக் காரணம் தெரிந்திருந்தது. அவன் மாத்திரையை விழுங்கும்வரை எதிரே நின்று பார்க்க ஒரு சார்ஜென்ட்டும் தேவைப்பட்டார்.

அரசுக்காக எடுக்கப்பட்டவை என்பதால் இப்படங்கள் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் ஆனியின் படத்தைத் தேர்ந்தெடுங்கள்; தேக்கநீர் ஒழிந்துபோனதை அவள் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். வலையும் மாத்திரையும் தனி ஆளைக் காக்கின்றன, நீர்நிலையைச் சீர்செய்தால் முகாம் முழுவதும் பிழைக்கிறது என்ற பொதுச் சுகாதாரப் பாடம், அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது.