நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டும் 3,648 ரூபாயும்

2023 அக்டோபரில் கோயம்புத்தூரிலிருந்து டெல்லிக்கு நாலு டிக்கெட் போட்டிருந்தோம். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனிலேயே டிக்கெட்டுகளை ரத்து செய்தேன். அடுத்த நிமிடமே திரையில் வந்தது: ரீஃபண்ட் தொகை ரூ.0.

கட்டியது 26,896 ரூபாய். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்த நான்-ரீஃபண்டபிள் டிக்கெட். "தெரிஞ்சுதானே எடுத்தோம், விடு" என்றார் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஆபரேஷன் முடிந்து அத்தை தூங்கிக்கொண்டிருந்த இரவு, பொழுது போகாமல் அந்த பில்லைத் திறந்தேன். ஒரு நூற்பாலையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பில் என்றால் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைக்க எனக்கு வராது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து ஒரு ஆளுக்கு 5,812. அதற்குக் கீழே ஜிஎஸ்டி, விமான நிலைய மேம்பாட்டுக்கென்று பயணியிடம் வாங்கும் யூடிஎஃப், பாதுகாப்புக் கட்டணம் 236 என்று வரிசையாகப் போய், அந்தப் பகுதி மட்டும் 912 ரூபாய். நாலு பேருக்கு 3,648.

பாதுகாப்புக் கட்டணம் விமானம் ஏறுகிறவருக்கானது. நாங்கள் ஏறவே இல்லை. அரசுக்கும் விமான நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டிய பணம் எந்தக் கணக்கில் விமான நிறுவனத்திடம் நிற்கிறது?

தேடிப் பார்த்தேன். டிக்கெட் ரீஃபண்டுக்கென்றே, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ போட்ட விதி இருக்கிறது, 2016 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. அடிப்படைக் கட்டணமே திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் வரிகளையும் யூடிஎஃப் போன்றவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ரத்துக் கட்டணம் என்று எவ்வளவு பிடித்தாலும் அது அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. அதாவது 5,812 அவர்களுடையது. 912 என்னுடையது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். டிக்கெட் எடுத்த தளத்தைக் கூப்பிட்டால், "ஏர்லைன்ஸ்ல இருந்து எங்களுக்குப் பணம் வரலைங்க மேடம்." விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால், "ஏஜென்ட் மூலமா எடுத்திருக்கீங்க, அவங்ககிட்டதான் கேட்கணும்." மூன்று வாரம் இப்படியே போனது. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் காதில் காத்திருப்பு இசைதான். இதற்கும் அதே விதியில் பதில் இருக்கிறது: ஏஜென்ட், இணையதளம் எதில் எடுத்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, அவர்கள் வைத்த ஏஜென்ட்தானே. அந்த வேலையை 30 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு போன் பேசுவதை நிறுத்திவிட்டேன். போனில் பேசியதற்கு என்ன சாட்சி?

விமான நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் போட்டேன். பிஎன்ஆர், ரத்து செய்த தேதி, பில்லின் பிரிப்பு, விதியின் வரிகள், கேட்கும் தொகை. அவ்வளவுதான் எழுதினேன், அத்தை விழுந்த கதையைச் சேர்க்கவில்லை. அதே மெயிலை, விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும் புகாராகப் பதிந்தேன். நாலாம் நாள் பதில் வந்தது: அடுத்த ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தும்படி 3,648 ரூபாயை கிரெடிட் ஷெல்லாகத் தருகிறார்களாம், அதாவது பணமாக இல்லை, அவர்களிடமே அடுத்த டிக்கெட் எடுக்கக் கழித்துக்கொள்ளும் வரவாக.

எனக்கு அதிகம் கோபம் வந்தது இங்கேதான். இடுப்பில் தகடு வைத்துப் படுத்திருக்கிறவரை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்குள் நான் எங்கே பறக்க? கிரெடிட் ஷெல் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாகத் திணிக்க முடியாது என்பதும் விதிதான். அதை ஒரே வரியில் எழுதி, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த புகாரின் எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். பணம் வராவிட்டால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன் என்றும் எழுதினேன். மிரட்டலுக்காக எழுதவில்லை, மனுவைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

41-வது நாள் 3,648 ரூபாய் கார்டுக்கே திரும்பி வந்தது. மன்னிப்பாக ஒரு வரிகூட வரவில்லை. வீட்டுக்காரர் மெசேஜை இரண்டு முறை படித்துவிட்டு, போனை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா பழைய டிக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மகனின் தேர்வு தள்ளிப்போனதால் ரத்து செய்தது, அதற்கும் ரீஃபண்ட் பூஜ்யம். ரத்து செய்து பதினாலு மாதம் ஆகிறது. ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு, இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அவர் பில்லில் வரிப் பகுதி 1,030 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மெயில் எழுதப் போகிறோம்.