அளவையியல் சேர் தந்த மெல்லிய புத்தகம்

உயர்தரத்தில் அளவையியல், அதாவது தர்க்கம், படித்த எங்களுக்குச் சோக்கிரட்டீஸ் என்றால் நியாயத்தொடையில் சாகிற ஆள். "எல்லா மனிதரும் இறப்பவர்கள், சோக்கிரட்டீஸ் ஒரு மனிதர், ஆகவே..." என்று கொப்பியில் எத்தனை தரம் அவரைச் சாகடித்திருப்போம்! அவர் வாய் திறந்து பேசுவதை நான் கேட்டது சேர் இரவல் தந்த ஒரு மெல்லிய புத்தகத்தில்தான்.

நூலக அலுமாரியில் தடித்த மெய்யியல் (தத்துவ) வரலாறு ஒன்று இருந்தது. அதை எடுக்கப் போன என்னை மறித்து, "தம்பி, அதில ஆக்களின்ர பேர்தான் மிஞ்சும். இதை வாசிச்சுப்போட்டு வாரும்" என்றார். கி.மு. 399 இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சோக்கிரட்டீஸ் தன் பக்கம் பேசியதாகப் பிளேட்டோ எழுதியது அது.

இளைஞரைக் கெடுக்கிறார் என்று குற்றம் சாட்டிய மெலிட்டசை அவர் மடக்கும் இடம் ஒன்று வரும். இளைஞரை நல்லவர்களாக்குவது யார்? சட்டங்கள் என்கிறான். ஆளைச் சொல் என்றதும், இந்த நடுவர்கள். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள்? அவர்களும்தான். அப்படியே இழுபட்டுப் போய், சோக்கிரட்டீஸைத் தவிர ஊரில் எல்லாருமே என்று ஒப்புக்கொள்கிறான். குதிரையையும் எல்லாருமா பழக்குகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இதை வகுப்பில் இருவர் எழுந்து வாசித்தோம். பின்வாங்குப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. "சரி, மெலிட்டஸ் எந்த இடத்தில மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்?" என்றார். அந்தப் பாடவேளை அதிலேயே போய்விட்டது. பாடத்திட்டம் கிடந்தது ஒரு பக்கம்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மெய்யியலை எதில் தொடங்கலாம் என்று கேட்டால் நானும் வரலாற்று நூலைச் சொல்வதில்லை. வில் டியூரன்ட் 1926 இல் எழுதியது சுவையானதுதான், ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். பெரிய மெய்யியலாளர்களே இறங்கி வந்து எழுதிய சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. ஹியூமின் முதற் பெருநூலை ஒருவரும் சீண்டவில்லை. அதன் சாரத்தை 1748 இல் சுருக்கமாக, தெளிவாகத் திரும்ப எழுதினார். கான்ற்டும் தன் 1781ஆம் ஆண்டுப் பெருநூலுக்கு 1783 இல் ஒரு சிறுநூல் போட்டார். அதுவும் தொடக்கக்காரருக்குக் கல்தான், விடுங்கள்.

நான் கையில் கொடுப்பது ரசல் 1912 இல் எழுதிய 'தி ப்ரொப்ளம்ஸ் ஒவ் பிலோசொபி'. ஒரு மேசையில் தொடங்குகிறார். பழுப்பு என்கிறோம், வெளிச்சம் படும் இடம் வெள்ளையாகத் தெரிகிறது. எது மேசையின் நிறம்? முதல் அத்தியாயம் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லியே கொடுப்பேன். மருமகள் ஒருத்தி பிடித்துப்போயும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "மாமா, அது உங்கட புத்தகம் எண்டு எப்பிடி நிச்சயமாத் தெரியும்?" என்கிறாள்.