கால் கடுக்க

ஐயா போய்விட்டார் என்ற செய்தியோடு, நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். ‘எங்கள் தமிழாசிரியர் கடுமையானவர்’ என்று தொடங்கி அனுப்பினேன். “காலமானவரைப் பற்றி எழுதுகிறோம், ‘கண்டிப்பானவர்’ என்று போடலாமே” என்றார் மலர்க்குழு நண்பர் ஒருவர். மாட்டேன் என்றேன். பெஞ்சு மேல் நின்று கற்ற சொல் அது.

எட்டாம் வகுப்பு. சொற்றொடரில் அமைத்து எழுதுக. ‘கொடுமை’க்கு நேரே ‘எங்கள் ஐயா கொடுமைக்காரர்’ என்று எழுதிவிட்டேன். பக்கத்துப் பையனைச் சிரிக்க வைக்கத்தான். நோட்டு அவர் மேசைக்குத்தான் போகும் என்பது அந்த நேரம் உறைக்கவில்லை. உரக்க வாசித்தார், இரண்டு முறை. வகுப்பே சிரித்தது. என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

“கொடு என்றால் வளைவு. செங்கோல் நிமிர்ந்தது, கொடுங்கோல் வளைந்தது. நீதி கோணினால் கொடுமை. கடு என்றால் மிகுதி. கடும் வெயில், கடும் உழைப்பு. இதில் கோணல் உண்டா? நான் எங்கேடா கோணினேன், சொல்லு.”

மணி அடிக்கும் வரை நின்றேன். இறங்கும்போது, “கால் கடுக்க நின்றாயே, அதுவும் இந்தக் கடுதான்” என்றார். அந்த வருடம் முழுக்க எனக்குக் ‘கோணல்’ என்று பெயர். இதைப் படிப்பவர்களில் இரண்டு பேர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் பிரம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓங்கும்போது கண் இருட்டும். விழும்போது உள்ளங்கையிலிருந்து சாக்பீஸ் தூசுதான் பறக்கும். ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்ற 562ஆம் குறளை அப்படியே கடைப்பிடித்தவர். நாலு குறள் தள்ளி, 566இல், கடுஞ்சொல்லைப் பற்றியும் வள்ளுவர் எச்சரிக்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான் என்று ஐயா தாண்டிப் போய்விட்டார் போல.

என் மகளிடம் இதில் மிஞ்சியிருப்பது ‘கடுப்பா இருக்குப்பா’ ஒன்றுதான். சரி, அதற்கும் அவர் அரை மதிப்பெண் போட்டிருப்பார்.

வெளிநாடு கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். வாசல் வரை வந்தார். “லீவில் வந்தால் எட்டிப் பார்” என்றார்.

“கண்டிப்பாக வருகிறேன் ஐயா.”

அப்புறம் ஆறு முறை ஊருக்குப் போய் வந்தேன். அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. ஆகவே, மலர்க்குழு நண்பரே, அந்தச் சொல் மட்டும் வேண்டாம்.