எப்போது, யார், எங்கே கவனிப்பது?

புது மருந்து வந்தால் செய்தியாகிறது. ஆனால் நோயாளியை எப்போது, யார், எங்கே வைத்துக் கவனிக்க வேண்டும் என்று ஆராய்ந்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்தால், அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது வகை ஆராய்ச்சிமேல்தான் மரியாதை அதிகம்.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளையே எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய நிலையில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது ரொம்ப காலம் வழக்கமாக இருந்தது. அதுவரை குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், அம்மா வேறொரு வார்டில்.

அப்படிக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் சோதித்துப் பார்த்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையிருந்த 3,211 குழந்தைகள். 2021இல் வெளியான முடிவு: வழக்கமான முறையில் முதல் 28 நாட்களில் 15.7 சதவீதம் பேர் இறந்தார்கள், பிறந்தவுடனே தொடங்கியபோது 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இதில் புது மருந்தே கிடையாது. அம்மாவின் கட்டிலைக் குழந்தை இருக்கும் இடத்துக்குள் கொண்டுவர வேண்டும், பிரசவம் முடிந்த அம்மாவுக்கான சிகிச்சையும் அங்கேயே நடக்க வேண்டும், அதாவது மகப்பேறு பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மருத்துவமனைகளில் ரொம்பக் கஷ்டமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பதினெட்டு வயதிலும் இதே பிரச்சினைதான். சிறுவயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோயோடு வளர்ந்த பிள்ளை, அதுவரை அம்மா அப்பா பேச, தெரிந்த டாக்டர் கேட்க என்று இருந்துவிட்டு, திடீரென்று பெரியவர்கள் கிளினிக்கில் தனியாகப் போய் உட்கார வேண்டும். படிப்பு, வேலை, ஊர் மாற்றம் எல்லாம் வருவதும் அதே சமயத்தில். அங்கேதான் பலர் சிகிச்சையிலிருந்து நழுவிப் போகிறார்கள். குழந்தைகள் டாக்டரும் பெரியவர்கள் டாக்டரும் சேர்ந்து பார்ப்பது, கூடவே இருந்து வழிகாட்ட ஒருவரை அமர்த்துவது என்று சில முயற்சிகள் நடக்கின்றன, போதாது.

அப்புறம் கடைசிக் கட்டம். 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று புதிதாகத் தெரிந்த 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சேர்த்து, வலி, மூச்சுத்திணறல், மனக்கலக்கம் இவற்றைக் கவனிக்கும் பேலியேட்டிவ் பராமரிப்பும் ஆரம்பத்திலிருந்தே. இரண்டாவது குழுவினரின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகள் குறைவாக நடந்தும், அவர்கள் வாழ்ந்த காலம் கூடுதலாக இருந்தது: இடைநிலை அளவில் (அதாவது பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாக வாழ்ந்த அளவு) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

பேலியேட்டிவ் என்றாலே டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம், அதனால்தான் கேட்கவே பயப்படுகிறோம். வீட்டில் யாருக்காவது அப்படிப்பட்ட நோய் என்று தெரிந்தால், அந்தப் பிரிவையும் இப்போதே பார்க்கலாமா என்று முதல் சில சந்திப்புகளிலேயே கேட்டுவிடுங்கள். நடக்கிற சிகிச்சை எதையும் அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.